உளவாளி நம் வீட்டுக்குள் இருந்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உலகின் சிறந்த உளவுப் படங்களைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். லண்டன், பெர்லின், வியன்னா என்று ஊர் ஊராகச் சுற்றிய அந்தக் கட்டுரை மெட்ராஸ் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு பெட்டிக்குள், தமிழில் உளவுப் படம் என்று சொல்ல 1960களுக்குப் பிறகு வந்த சில சாகசப் படங்கள்தான் உண்டு என்கிற மாதிரி ஒரு வரி. அதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இது நீளமான கடிதமாகத்தான் வரும். இடம் இருந்தால் வெட்டாமல் போடுங்கள்.

'அந்த நாள்' வெளிவந்தது 1954 ஏப்ரல் 13. ஏவிஎம் தயாரிப்பு. இயக்கியவர் எஸ். பாலச்சந்தர், வீணை பாலச்சந்தர் என்று நாம் சொல்கிறோமே, அவரேதான். அப்போது அவருக்கு 27 வயது. திரைக்கதை, வசனம் ஜாவர் சீதாராமன். கதையின் நாயகன் ராஜன், ரேடியோ என்ஜினியர். அவனாக வருபவர் சிவாஜி கணேசன். அந்த ராஜன்தான் கொலையுண்டவன், அவனேதான் ஜப்பானுக்கு உளவு சொன்னவன். ஜேம்ஸ் பாண்ட் பெரிய திரைக்கு வந்ததே 1962இல். அதற்கு 8 வருஷம் முன்னாலேயே ஒரு முழு உளவுப் படத்தை, அதுவும் கதாநாயகனே துரோகியாக வரும் படத்தை, நம் ஆட்கள் எடுத்து முடித்துவிட்டார்கள். இது எப்படி உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படாமல் போனது?

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தப் படத்தைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டே விஷயம்தான் எழுதுகிறார்கள். ஒன்று, பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். இரண்டு, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' பாதிப்பில் வந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வதால், அது எதைப் பற்றிய படம் என்பதே மறந்துபோய்விட்டது.

நானும் அந்தப் படமும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம் எனக்கு. 1966இல், பன்னிரண்டு வயதில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்த டூரிங் டாக்கீஸில் முதல் முறை பார்த்தேன். பெரியப்பா கூட்டிக்கொண்டு போனார். கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றுதான். ஆகவே ஒரு காட்சிக்கு மூன்று நான்கு இடைவேளை வரும். மணல் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது பழக்கம்.

படம் தொடங்கின உடனேயே துப்பாக்கி வெடித்து சிவாஜி விழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒருவர், "என்னய்யா, கடைசி ரீலை முதல்ல போட்டுட்டானா?" என்று சத்தமாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் பாட்டு வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஆபரேட்டர் சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காகப் பாட்டையெல்லாம் வெட்டிவிட்டான் என்று பேச்சு கிளம்பி, "பாட்டைப் போடு" என்று பெஞ்சு பக்கமிருந்து விசில் பறந்தது. பாவம், அந்த ஆபரேட்டர் வெளியே வந்து, இந்தப் படத்தில் பாட்டே கிடையாது என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை.

ஆனால் இரண்டாவது இடைவேளையில் ஒரு மாற்றம் வந்தது. யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. கொன்றது யார் என்று பேசினார்கள். தம்பிக்காரன்தான் என்று ஒரு கூட்டம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் முழியே சரியில்லை என்று இன்னொரு கூட்டம். அடுத்த ரீல் மாட்டும்வரை பந்தயம் கட்டினார்கள். இடைவேளை முடிந்து விளக்கை அணைத்தபோது கொட்டகை அப்படி அமைதியாக இருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு ஒற்றைப் புரொஜெக்டர் கொட்டகைக்கென்றே எழுதின திரைக்கதை போல இருந்தது. ஒருவர் சாட்சி சொல்லி முடித்தால் விளக்கு எரியும், ஊரே விசாரணை நடத்தும்.

இனிமேல் கதையை நான் சொல்லியாக வேண்டும். இதுவரை பார்க்காதவர்கள் இந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1943 அக்டோபர் 11. மெட்ராஸ் மேல் ஜப்பான் விமானம் குண்டு போட்ட நாள். இது சரித்திரம். அதற்கு அடுத்த நாள் திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டில் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். முதலில் உள்ளூர் இன்ஸ்பெக்டர் வருகிறார், பின்னாலேயே சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம். அந்த சிவானந்தமாக நடிப்பவர் ஜாவர் சீதாராமனே. விரட்டல் கிடையாது, சண்டை கிடையாது. வீட்டுக்குள் நின்று ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கிறார். அவ்வளவுதான் விசாரணை.

சின்னையா பிள்ளை, தம்பி பட்டாபி மேல் கையைக் காட்டுகிறார். அண்ணன் சொத்தில் பங்கு கொடுக்கவில்லை, அதனால் ஆத்திரம் என்கிறார். அப்படியே சந்தேகம் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர்கிறது. பட்டாபியின் மனைவி ஹேமா, ராஜனோடு தொடர்பு வைத்திருந்த அம்புஜம், பிறகு ராஜனின் மனைவி உஷா. ஒவ்வொருவர் சொல்லும்போதும் ஒரு காரணம் வெளியே வருகிறது. சொத்து, பணம், வாய்ச்சண்டை, கள்ள உறவு. நம் ஊரில் எந்தத் தெருவில் எந்த வீட்டில் கொலை விழுந்தாலும் நாம் யோசிக்கிற காரணங்கள்தான் எல்லாம்.

'ரஷோமோன்' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குரோசாவாவின் 1950 படத்தில் நடந்த ஒரே சம்பவத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எது நிஜம் என்பது கடைசிவரை தெளிவதில்லை. 'அந்த நா'ளில் அப்படியில்லை. அவரவர் சந்தேகத்தைச் சொல்கிறார்கள், இப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்கிற சண்டைகள் நிஜம். ராஜன் தம்பிக்குப் பங்கு கொடுக்காததும் நிஜம், அம்புஜத்திடம் போனதும் நிஜம். ஆனாலும் கொலைக்குக் காரணம் அதில் எதுவுமே இல்லை. அத்தனை பேருக்கும் ராஜனைத் தெரியும், ஒருவருக்கும் ராஜனைத் தெரியாது. தம்பிக்கு அவன் கஞ்சன். அம்புஜத்துக்கு அவன் காதலன். தெருவுக்கு அவன் ரேடியோ என்ஜினியர். இத்தனை குடும்பத் தகராறுக்கும் பின்னால் அவன் ஒரு நாட்டின் ரகசியத்தை இன்னொரு நாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தான். அது மனைவி ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

என் மனதில் இதுதான் இந்தப் படத்தின் சாமர்த்தியம். உளவாளிக்கு நல்ல மறைவிடம் எது? பாலச்சந்தர் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டைக் காட்டுகிறார். அந்த வீட்டுச் சண்டையையே திரையாகக் கட்டிவிட்டார். போலீஸும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மணலில் உட்கார்ந்திருந்த நாங்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் படம்வரை இது உளவுப் படம் என்பதே படம் பார்க்கிறவனுக்குத் தெரியாது. உங்கள் கட்டுரையில் உள்ள படங்களில் பலவற்றை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் உளவாளி வரும்போதே உளவாளியாகத்தான் வருகிறான்.

சிவாஜியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே 1954இல், சில வாரங்களுக்கு முன்னால்தான் 'மனோகரா' வந்திருந்தது. சங்கிலியில் கட்டுண்டு சிங்கம் மாதிரி உறுமிய அந்தச் சிவாஜியை ஜனங்கள் பார்த்துவிட்டு, அதே சூட்டோடு 'அந்த நா'ளுக்குப் போயிருப்பார்கள். இங்கே அவர் முதல் காட்சியிலேயே செத்துப்போகிறார். பிறகு வருவதெல்லாம் மற்றவர்கள் நினைவில் வருகிற சிவாஜிதான். ஒவ்வொருவர் நினைவிலும் அவர் வேறு ஆள். தம்பியிடம் பேசும்போது அந்தக் குரலில் ஒரு அலட்சியம், கணக்குப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி. அம்புஜத்திடம் பேசும்போது அதே குரல் குழைகிறது. உஷாவிடம் மட்டும் அவன் வாதம் பண்ணுகிறான். ஏனென்றால் அவள் ஒருத்திதான் பதில் சொல்லக் கூடியவள். குரலை இத்தனை அடக்கி அவர் நடித்த படங்கள் குறைவு. பெரிய நடிகர் என்று அவரைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் எந்த நடிகர் தன் முதல் சில வருஷங்களிலேயே, நாடே கைதட்டிக்கொண்டிருக்கும்போது, நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாக நடிக்கத் துணிந்தார்?

பாண்டரிபாய் அம்மாவுக்கு என் நன்றி தனி. 'பராசக்தி'யில் சிவாஜியோடு பார்த்தோமே, அதே பாண்டரிபாய். உஷாவாக அவர் அழுது ஊரைக் கூட்டவில்லை. கணவனுடைய குற்றத்தைத் தெரிந்துகொண்ட ஒரு பெண் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாள்? தெரியாத மாதிரி வைத்துக்கொள்வாள். முதல் தடவை பார்க்கும்போது அந்த முகம் துக்கமாகத் தெரிந்தது. முடிவு தெரிந்து இரண்டாம் தடவை பார்க்கும்போது அதே முகம், அதே காட்சி, வேறு ஒன்றாகத் தெரிந்தது. நான் இந்தப் படத்தைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்ததற்கு அந்த முகம்தான் பாதிக் காரணம்.

மீதிக் காரணம் என் தொழில். 1973இல் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தேன். 17 வருஷம் ஒயர்லெஸ் ஆபரேட்டர். ராத்திரி டியூட்டியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புள்ளியும் கோடுமாக வருகிற மோர்ஸ் குறியீட்டைக் கேட்டுக் கேட்டுக் காதே தேய்ந்த ஆள் நான். ஆகவே ராஜனை நான் பார்ப்பதும் மற்றவர்கள் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

யுத்தம் தொடங்கின 1939இலேயே, பொழுதுபோக்காக ஒயர்லெஸ் செட் வைத்துப் பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்களின் லைசென்ஸை வெள்ளைக்காரன் ரத்து செய்துவிட்டான். செட்டுகளை ஒப்படைக்கச் சொன்னான். அந்தக் காலத்தில் திருட்டுத்தனமாக ஒரு டிரான்ஸ்மிட்டரை ஓட்டுவது என்பது விளையாட்டு இல்லை. காற்றில் போகிற அலைக்கு வேலி கிடையாது. நமக்கு வேண்டியவன் கேட்கிற மாதிரியே வேண்டாதவனும் கேட்பான். சுற்றுவளைய ஏரியல் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு மூன்று இடத்திலிருந்து அப்படித் திசை பிடித்து வரைபடத்தில் கோடு போட்டால், கோடுகள் வெட்டுகிற இடத்தில் செட் இருக்கிறது. ஆகவே திருட்டு ஆபரேட்டர் நீளமாகப் பேச மாட்டான். சுருக்கமாகத் தட்டிவிட்டு நிறுத்துவான். அப்படியும் ஒரு ஆபத்து உண்டு. மோர்ஸ் சாவியைத் தட்டும்போது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கை உண்டு, கையெழுத்து மாதிரி. எங்கள் பிரிவில் எழுநூறு எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற நண்பன் கூப்பிடு குறியீடு சொல்வதற்கு முன்னாலேயே, தட்டுகிற தாளத்தை வைத்து இன்றைக்கு அவன்தான் டியூட்டி என்று சொல்லிவிடுவேன். முகம் பார்த்ததே இல்லை.

இந்த விவரமெல்லாம் படத்தில் வருகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் தெரிந்தவனுக்கு ராஜன் எத்தனை பெரிய மூளைக்காரன் என்பது புரியும். அத்தனை மூளையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் என்று வயிறு எரியும்.

ராஜன் ஏன் அப்படிப் போனான் என்பதற்குப் படம் சொல்கிற காரணம்தான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் செய்தது. முதலில் பணத்தாசை இல்லை. அவனுக்கு ரேடியோவில் ஒரு புதிய கண்டுபிடிப்புக் கனவு இருக்கிறது. அதை இங்கே யாரும் மதிக்கவில்லை, உதவவில்லை. ஜப்பான் மதித்தது. அவ்வளவுதான். திறமைக்கு மரியாதை கிடைக்காத ஒருவன், மரியாதை கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டான்.

எனக்கும் ஒரு முறை அந்த மாதிரி ஆயிற்று. மலைப்பகுதியில் ஒரு முகாம். பள்ளத்தில் சிக்னல் சரியாக வராது. நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, இருந்த கம்பியையே வேறு விதமாக இழுத்துக் கட்டி ஒரு ஏரியல் அமைப்பு செய்தேன். நன்றாக வேலை செய்தது. நோட்டில் படம் வரைந்து, அளவெல்லாம் குறித்து மேலே கொடுத்தேன். ஹவில்தாருக்கு எதற்கு இந்த வேலை என்று என் முன்னாலேயே அதை மேஜை மேல் போட்டார் ஒருவர். அந்த நோட்டு எனக்குத் திரும்பி வரவில்லை. அன்று ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ராஜன் முகம்தான். அவனுடைய முதல் பாதிக் கோபம் எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிகிறதே என்று பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்குகிற உளவுப் படத்தை நான் வேறு பார்த்ததில்லை. மற்றப் படங்களில் வருகிற துரோகியை வெறுத்துவிட்டு நிம்மதியாக எழுந்து வரலாம்.

பெரியப்பாவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. அவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளிகளாக இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தவர், கடைசிவரை நேதாஜி படத்துக்குப் பூப் போடாமல் காப்பி குடித்ததில்லை.

அன்றைக்குப் படம் முடிந்து வயல் வரப்பில் நடந்து வரும்போது பெரியப்பா பேசவே இல்லை. பாதி வழியில் நின்று, டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்: "ஜப்பான்காரன் பக்கத்துல நானும்தான் நின்னேன். அப்ப நானும் இவனும் ஒண்ணா?" பன்னிரண்டு வயதுப் பையனிடம் கேட்ட கேள்வி இல்லை அது. ஆனால் அங்கே நான்தான் இருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீட்டில் அம்மா இருந்தார். அம்மா யுத்த காலத்தில் மெட்ராஸில் இருந்தவர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் குண்டு போட்டதும், மெட்ராஸை விட்டுப் போகச் சொன்னார்களே, அப்போது மூட்டை முடிச்சோடு ரயிலில் ஊருக்கு வந்து, அடுத்த வருஷம் திரும்பிப் போய், ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, விளக்குக்குக் குல்லா போட்டு வாழ்ந்தவர். அம்மாவிடம் பெரியப்பாவின் கேள்வியைச் சொன்னேன். "மேலே விமானம் சத்தம் கேட்டா அது யாருக்கு சினேகிதன்னு பார்த்துக்கிட்டா இருப்போம்? புள்ளையத் தூக்கிக்கிட்டு மாடிப்படிக்கு அடியில ஒதுங்குவோம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பெரியப்பா ஒளிஞ்சுக்கிட்டுப் பண்ணலையே" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் ராஜன் செத்துக் கிடந்த அதே அக்டோபர் மாதம், 21ஆம் தேதி, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவிக்கிறார். ஒன்பது நாள்தான் வித்தியாசம். இரண்டு பக்கத்திலும் ஜப்பான் இருக்கிறது. பெரியப்பா சீருடை போட்டு, பெயர் கொடுத்து, வரிசையில் நின்றார். ராஜன் முதலில் தன் மனைவிக்கே தெரியாமல் அறைக்குள் இருந்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது. சொல்லத் தெரிந்தபோது பெரியப்பா இல்லை.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இதை யாரும் எழுதி நான் படித்ததில்லை, என் மனதில் தோன்றியது மட்டும்தான். 1942 ஆகஸ்டில் காந்தி உட்பட எல்லாத் தலைவர்களும் சிறைக்குப் போனபோது, பம்பாயில் ஒரு மாணவி ரகசிய ரேடியோ நடத்தினார். காங்கிரஸ் ரேடியோ, 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கிருந்தோ என்று சொல்லித் தொடங்கும். பிடிபடாமல் இருக்க இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் மேலே சொன்ன அந்தத் திசை பிடிக்கிற வேலைக்குப் பயந்துதான். நவம்பரில் பிடிபட்டு, 1946 வரை சிறையில் இருந்தார். அவர் பெயர் உஷா மேத்தா. படத்தில் மனைவிக்கு உஷா என்று பெயர் வைத்தவர்கள் அதை நினைத்து வைத்தார்களா, தற்செயலா, நான் சொல்ல முடியாது. ஆனால் ஒயர்லெஸ்காரனான எனக்கு அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பம்பாயில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்தான் ஞாபகம் வருகிறார். ஒரு திருட்டு ரேடியோ நாட்டுக்காக, ஒரு திருட்டு ரேடியோ நாட்டுக்கு எதிராக. வெள்ளைக்காரன் சட்டத்துக்கு இரண்டும் ஒரே குற்றம்தான்.

கடைசியில் படத்தில் உஷா கையில் துப்பாக்கி இருக்கிறது. எதிரே கணவன். காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன். அவனைத் திருத்தப் பார்த்து முடியாமல் போய், அவன் தப்பிப் போகிற நேரம். சுட வேண்டும் என்று எடுத்தவள் சுட மனம் வராமல் நிற்கிறாள். அந்தத் தயக்கத்தில் குண்டு வெடித்துவிடுகிறது. தேசத்துக்காகக் கணவனைச் சுட்டாள் என்று சுலபமாக எழுதி, கொட்டகையில் கைதட்டல் வாங்கியிருக்கலாம். ஜாவர் சீதாராமன் அப்படி எழுதவில்லை. அவளை வீராங்கனையாக்கி மேடையில் ஏற்றாமல், கை நடுங்குகிற மனைவியாகவே விட்டுவிட்டார். அதனால்தான் எங்கள் கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை. எழுந்து, துண்டை உதறி, பேசாமல் போனார்கள்.

குறையே இல்லாத படம் என்று நான் சொல்ல வரவில்லை. தேசபக்தி பற்றிய வசனம் சில இடங்களில் பாடம் நடத்துகிற மாதிரி நீண்டுவிடுகிறது. அந்தக் காலத்து வழக்கம், சரி என்று தாண்டிப் போய்விடலாம். ஹேமாவாக வரும் மேனகா, பட்டாபியாக வரும் டி.கே. பாலச்சந்திரன், சின்னையா பிள்ளையாக வரும் பி.டி. சம்பந்தம் இவர்களெல்லாம் அந்த வசனங்களையும் வீட்டுப் பேச்சு மாதிரி சொல்லிவிடுகிறார்கள்.

வெளிவந்தபோது படம் நன்றாக ஓடவில்லை. பாட்டு இல்லை, நாயகன் முதலிலேயே செத்துவிட்டான், யார் பார்ப்பார்கள்? பிறகு தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்தது. பாலச்சந்தர் அதோடு நிற்கவில்லை. 'அவனா இவன்', 'பொம்மை', 'நடு இரவில்' என்று மர்மப் படங்களைத் தொடர்ந்து எடுத்தார். அப்புறம் வீணை அவரை முழுதாக எடுத்துக்கொண்டது. யாரிடமும் பாடம் கேட்காமல் தானே வீணை கற்றவர். சங்கீதத்தில் இத்தனை ஊறிய மனுஷன், தன் படத்தில் ஒரு பாட்டுக்கூட வேண்டாம் என்று முடிவு செய்தார் என்றால், எங்கே இசை வேண்டாம் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் காலமானது 1990 ஏப்ரல் 13. படம் வெளியாகிச் சரியாக 36 வருஷம் கழித்து, அதே தேதி. அந்த வருஷம்தான் நான் ஓய்வு பெற்று ஊர் வந்தேன். பேப்பரில் செய்தி பார்த்துவிட்டு, அவருடைய வீணைக் கேசட் ஒன்று வைத்திருந்தேன், அதை முழுக்கக் கேட்டேன்.

போன மாதம் என் பேத்திக்குப் போனிலேயே இந்தப் படத்தைக் காட்டினேன். கல்லூரியில் படிக்கிறாள். பழைய படம் என்று முகத்தைச் சுளித்தவள், பட்டாபி விசாரணை வந்ததும் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, திண்ணையில் காலை மடித்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி வேறு: "தாத்தா, அந்த நிழலையெல்லாம் எப்படி விழ வெச்சாங்க?" வீட்டுக்குள்தானே பெரும்பாலும் படம் நடக்கிறது. ஆனாலும் அந்த வீடு முதலில் இருந்த மாதிரி பிறகு இல்லை. பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி முகம் இருட்டிலும் வைத்து, யாரையும் முழுதாக நம்ப முடியாதபடி செய்திருக்கிறார்கள். இன்றைக்குப் பொத்தானை அழுத்தினால் வருகிற வித்தை இல்லை அது. விளக்கைத் தூக்கி, இறக்கி, மறைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் உழைத்து வாங்கின இருட்டு. அந்த ஒளிப்பதிவாளரின் பெயர் மாருதி ராவ்.

ஆசிரியர் அவர்களே, எனக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், 'அந்த நாள்' உளவுப் படம் என்று ஒரு வரியாவது வரட்டும். இன்னொன்று, மாருதி ராவைப் பற்றி உங்கள் சினிமா பகுதியில் யாராவது விவரமாக எழுத வேண்டும். சிவாஜியை எழுதிவிட்டீர்கள், பாலச்சந்தரையும் எழுதியிருக்கிறீர்கள். மாருதி ராவ் எப்படி இருப்பார் என்று என் பேத்தி கேட்டாள். காட்ட என்னிடம் படம் இல்லை. உங்கள் அலுவலக நூலகத்தில் அவருடைய புகைப்படம் ஏதாவது இருந்தால், கட்டுரை வரும்வரை காத்திருக்க வேண்டாம், அதை மட்டுமாவது முதலில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஹவில்தார், சிக்னல்ஸ் பிரிவு,
தஞ்சாவூர் மாவட்டம்.